இணையத்தில் பார்த்த ஓவியத்தைச் சான்று காட்டுவது எப்படி? அடிக்குறிப்பு முதல் துணைநூற்பட்டியல் வரை முழு வழிகாட்டி

வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. சுமார் 1660இல் வரையப்பட்டது. 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம், அவ்வளவுதான். இந்தச் சின்ன ஓவியத்தின் பிரதிகள் இணையத்தில் எத்தனை உலவுகின்றன என்று அந்த அருங்காட்சியகம் தேடிப் பார்த்தபோது பத்தாயிரத்துக்கும் மேல் கிடைத்தன. பெரும்பாலானவை மஞ்சள் பூத்த, தரமற்ற படங்கள். அவற்றையே பார்த்துப் பழகியவர்கள், அருங்காட்சியகக் கடையில் விற்ற அஞ்சலட்டைகளின் நிறம்தான் தவறு என்று நினைத்தார்கள். ஐரோப்பிய அருங்காட்சியக, நூலகத் தொகுப்புகளை இணையத்தில் தரும் யூரோப்பியானா 2011இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இந்தச் சிக்கலுக்கு ‘மஞ்சள் பால்காரி’ என்றே பெயர் வைத்தது.

இப்போது ஓர் ஆய்வு மாணவர் அந்த மஞ்சள் படங்களில் ஒன்றைப் பார்த்து, ‘சுவரில் படரும் மஞ்சள் ஒளி’ பற்றி ஒரு பத்தி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிக்குறிப்பில் ‘வெர்மீர், 1660’ என்று மட்டும் இருந்தால், அந்த மஞ்சள் ஓவியருடையதா, ஸ்கேனருடையதா என்று படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. எந்தப் படத்தைப் பார்த்தார் என்று அடிக்குறிப்பு சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே மேற்கோள் நடைகளின் காற்புள்ளி, முற்றுப்புள்ளிக்குள் நுழையும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் ஒரு கலைப்படைப்பில் மூன்று பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது படைப்பு: சுவரில் தொங்கும் கித்தான், அல்லது கல், உலோகம், தாள். இரண்டாவது அதன் படம்: யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு வெளிச்சத்தில் எடுத்த ஒளிப்படம். மூன்றாவது பக்கம்: அந்தப் படத்தை உங்களுக்குக் காட்டிய இணையதளம். இந்த மூன்றையும் குழப்பாமல் எழுதத் தெரிந்துவிட்டால் எந்த நடையும் உங்களுக்கு வசப்படும். ஆய்வேடுகளில் நான் பார்க்கும் பிழைகளில் பெரும்பகுதி இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

(கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் [முகவரி] என்று இருக்கும் இடத்தில் முழு இணைய முகவரியை ஒட்ட வேண்டும்.)

## படி 1: படத்தின் சொந்த வீட்டைத் தேடுங்கள்

தேடுபொறியின் படப்பக்கம் ஒருபோதும் சான்று ஆகாது. அது வழிகாட்டிப் பலகை மட்டுமே. பின்டரெஸ்ட்டும் அப்படியே. வால்பேப்பர் தளங்கள், மேற்கோள் வரிகளோடு ஓவியங்களைப் பகிரும் முகநூல் பக்கங்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

கையில் படம் மட்டும் இருக்கிறது, வேறு எதுவும் தெரியவில்லை என்றால் கூகுள் லென்ஸ் அல்லது டின்ஐ கொண்டு படத்தை வைத்தே தேடுங்கள். ஓவியர் பெயரோ தலைப்போ கிடைத்ததும் அங்கேயே நிற்காமல், படைப்பை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் தளத்துக்குப் போய் அதன் தொகுப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் இன்று ஒவ்வொரு படைப்புக்கும் தனிப்பக்கம் வைத்திருக்கின்றன. லூவ்ரு தன் தொகுப்புத் தளத்தை 2021இல் திறந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில், பொதுவுடைமையில் (பதிப்புரிமைக்கு உட்படாத நிலையில்) உள்ள படைப்புகளின் 3,75,000 படங்களை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது.

அருங்காட்சியகப் பக்கம் கிடைக்காவிட்டால் அடுத்த இடம் நூலக, ஆவணக்காப்பகத் தளங்களுக்கும் ஜேஸ்டோர் போன்ற கல்வித் தரவகங்களுக்கும். அதற்கும் அடுத்துதான் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர், விக்கிமீடியா காமன்ஸ். காமன்ஸைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே கோப்பின் கீழே மூலம், ஒளிப்படக்காரர், உரிமம் எல்லாம் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: ஒரே கோப்புப் பெயரின்கீழ் பழைய படத்தை நீக்கிப் புதிய படத்தை ஏற்ற முடியும். அதனால் ‘கோப்பு வரலாறு’ பகுதியில் நீங்கள் பார்த்த பதிப்பின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

## படி 2: பக்கத்தை மூடும் முன் குறித்துக்கொள்ளுங்கள்

இந்த வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள், ஆய்வேடு ஒப்படைக்கும் வாரத்தில் நாற்பது படங்களுக்குப் பின்னால் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு படைப்புக்கு மூன்று நிமிடம் போதும். எழுத வேண்டியவை இவை:

- கலைஞர் பெயர், அருங்காட்சியகம் எழுதியிருக்கும் வடிவத்திலேயே
- தலைப்பு, அதன் மூல மொழி எழுத்தில்
- படைக்கப்பட்ட ஆண்டு
- ஊடகம், அளவு
- அருங்காட்சியகம், ஊர்
- பதிவெண்
- ஒளிப்படக்காரர் அல்லது படத்தின் உரிமை வரி
- நிலையான இணைப்பு, பார்த்த நாள்

இந்தப் பட்டியலில் பதிவெண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பொருள் அருங்காட்சியகத்துக்குள் வரும்போது அதற்குத் தரப்படும் எண் அது. வான் கோவின் ‘நட்சத்திர இரவு’ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 472.1941. அந்தப் பின்பாதியே அது வந்து சேர்ந்த ஆண்டைச் சொல்லிவிடுகிறது. தளம் புதுப்பிக்கப்பட்டு முகவரிகள் எல்லாம் மாறினாலும், தலைப்பையே மாற்றிவிட்டாலும், பெரும்பாலும் பதிவெண் அப்படியே இருக்கும். எந்த மேற்கோள் நடையும் பதிவெண்ணைக் கட்டாயம் கேட்பதில்லை. இருந்தும் கலை வரலாற்று ஆய்வேட்டில் அதைச் சேர்த்துவிடுங்கள் என்றே நான் சொல்வேன்.

தலைப்பு மாறுவது அபூர்வம் அல்ல. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற ஒற்றைக்கொம்புக் குதிரைத் திரைச்சீலைகளில் ஒன்று (பதிவெண் 37.80.6) நெடுங்காலம் ‘சிறைப்பட்ட ஒற்றைக்கொம்பன்’ என்ற பொருளில் அழைக்கப்பட்டது. இன்று அதே பக்கத்தில் ‘தோட்டத்தில் ஓய்வெடுக்கும் ஒற்றைக்கொம்பன்’ என்ற பொருளில் தலைப்பு இருக்கிறது. பழைய நூலில் ஒரு பெயர், தளத்தில் வேறு பெயர். இரண்டும் ஒரே பொருள்தான் என்பதை உறுதிசெய்வது அந்த எண். அடிக்குறிப்பில் தளத்தில் உள்ள இன்றைய தலைப்பைத் தாருங்கள். நீங்கள் படித்த நூல் பழைய பெயரைச் சொல்கிறது என்றால் அதையும் அடைப்புக்குறிக்குள் சேருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு பொறுப்பு இருக்கிறது. ‘நட்சத்திர இரவு’, ‘விண்மீன் இரவு’, ‘தாரகை இரவு’ என்று ஒரே ஓவியத்தை மூன்று பேர் மூன்று விதமாக மொழிபெயர்ப்பார்கள். படிப்பவர் அந்தத் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு அருங்காட்சியகத் தளத்தில் தேட முடியாது. ஆகவே முதல் அடிக்குறிப்பில் ஒருமுறை மூலத் தலைப்பை அதன் சொந்த எழுத்தில் கொடுத்து, பக்கத்தில் உங்கள் தமிழாக்கத்தை வையுங்கள். அதன்பிறகு கட்டுரை முழுக்க ஒரே தமிழ்ப் பெயர்.

பெயர்களை அகரவரிசையில் வைக்கும்போதும் சறுக்கல் நேரும். ‘டா வின்சி’ குடும்பப் பெயர் அல்ல. வின்சி என்ற ஊரைச் சேர்ந்தவர் என்றுதான் பொருள். பட்டியலில் லியோனார்டோ என்ற பெயரில்தான் வர வேண்டும். கட்சுஷிகா ஹொக்குசாய் என்ற பெயர் ஏற்கெனவே ஜப்பானிய முறையில் நிற்பதால், காற்புள்ளி போட்டுத் திருப்ப வேண்டியதில்லை.

## படி 3: எதைச் சான்று காட்டுகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: என் வாக்கியம் உண்மையா என்று சரிபார்க்க விரும்புகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?

ஓவியத்தில் யார் இருக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் படைப்பைச் சொன்னாலே போதும். இணைப்பு அவருக்குச் செய்யும் உதவி. நிறம், தூரிகைத் தடம், மேற்பரப்பின் வெடிப்பு என்று எழுதினால் கதை வேறு. அப்போது நீங்கள் பேசுவது ஒரு குறிப்பிட்ட படத்தில் தெரிந்ததைப் பற்றி. எந்தப் படம் என்று சொல்லியே ஆக வேண்டும்.

ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ இதற்கு நல்ல பாடம். 1642இல் வரையப்பட்ட அந்த ஓவியம் 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்கு மாற்றப்பட்டபோது, சுவரில் பொருந்துவதற்காக நான்கு பக்கமும் வெட்டப்பட்டது. 2021இல் ரெய்க்ஸ்மியூசியம், பழைய சிறு நகல் ஒன்றைத் துணையாகக் கொண்டு, வெட்டுண்ட பகுதிகளைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டுருவாக்கிக் காட்சிக்கு வைத்தது. 2022 ஜனவரியில் அதே ஓவியத்தின் 717 கிகாபிக்சல் படம் வெளியானது. ஆக, இணையத்தில் ‘இரவுக் காவல்’ என்று தேடினால் வெட்டப்பட்ட ஓவியமும் வரும், மீட்டுருவாக்கிய வடிவமும் வரும். ஓவியத்தின் இடப்பக்க ஓரத்தில் நிற்கும் ஆட்களைப் பற்றி எழுதுகிறவர் எந்தப் படத்தைப் பார்த்தார் என்பதைப் பொறுத்தே அவருடைய வாதம் நிற்கும், அல்லது விழும்.

இந்த நிலையில் ஆண்டு இரண்டு வரலாம். 1642 படைப்பின் ஆண்டு. 2022 படத்தின் ஆண்டு. முதலாவது எப்போதும் தலைப்புக்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டாவது, படத்தைப் பற்றிய விவரத்தோடு பின்னால் வரும். இணையதளத்தில் படம் ஏற்றப்பட்ட தேதியை எடுத்து ஓவியத்தின் ஆண்டாகப் போட்டுவிடும் பிழை நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

## படி 4: நடைக்கு ஏற்ப எழுதுங்கள்

அடிக்குறிப்பு என்றால் கலை வரலாற்றில் பெரும்பாலும் சிகாகோ நடைதான். அதனால் அதை விரிவாகப் பார்ப்போம். 2024இல் அதன் கையேட்டின் 18ஆம் பதிப்பு வந்தது. வரிசை எளிது: கலைஞர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், தேவைப்பட்டால் அளவு, அருங்காட்சியகம், ஊர், இணைப்பு. எல்லாம் காற்புள்ளியால் பிரியும். தலைப்பு சாய்வெழுத்தில்.

அடிக்குறிப்பு:

1. வின்சென்ட் வான் கோ, *நட்சத்திர இரவு*, 1889, கித்தானில் எண்ணெய் வண்ணம், 73.7 × 92.1 செ.மீ., நவீனக் கலை அருங்காட்சியகம், நியூயார்க், 472.1941, [முகவரி].

அடுத்தமுறை அதே ஓவியம் வந்தால் சுருக்கிவிடலாம்:

5. வான் கோ, *நட்சத்திர இரவு*.

துணைநூற்பட்டியலில் பெயர் திரும்பும், காற்புள்ளிகள் முற்றுப்புள்ளிகள் ஆகும்:

வான் கோ, வின்சென்ட். *நட்சத்திர இரவு*. 1889. கித்தானில் எண்ணெய் வண்ணம், 73.7 × 92.1 செ.மீ. நவீனக் கலை அருங்காட்சியகம், நியூயார்க். 472.1941. [முகவரி].

படைப்பைப் பற்றிய விவரங்களைக் கட்டுரையின் உடலிலேயே சொல்லிவிட்டால் அடிக்குறிப்புகூடத் தேவையில்லை என்று சிகாகோ அனுமதிக்கிறது. துணைநூற்பட்டியலிலும் கலைப்படைப்புகள் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் பல துறைகள் பட்டியலில் கேட்கின்றன. இதில் நெறியாளரின் சொல்தான் முடிவு. எழுதத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மேலே உள்ளது அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் பார்த்ததற்கு. வேறு தளத்தில் பார்த்திருந்தால், படைப்பின் விவரம் முடிந்ததும் அரைப்புள்ளி வைத்து, பார்த்த இடத்தைத் தனியாகச் சொல்வது என் வழக்கம்:

2. வின்சென்ட் வான் கோ, *நட்சத்திர இரவு*, 1889, கித்தானில் எண்ணெய் வண்ணம், நவீனக் கலை அருங்காட்சியகம், நியூயார்க்; எண்மப் படம், விக்கிமீடியா காமன்ஸ், பார்த்த நாள் 12 மார்ச் 2025, [முகவரி].

அந்த அரைப்புள்ளி சின்னதுதான். ஆனால் அதற்கு இடப்பக்கம் படைப்பு, வலப்பக்கம் நீங்கள் பார்த்த படம். மூன்று பொருள்களும் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன.

நவீன மொழிச் சங்கத்தின் எம்.எல்.ஏ. நடையில் (9ஆம் பதிப்பு, 2021) அடிக்குறிப்பு கிடையாது. கட்டுரைக்குள் ஓவியரின் பெயர், கடைசியில் பட்டியல். ஊடகத்தைச் சொல்வது கட்டாயமில்லை. படம் இருக்கும் தளத்தை அது ‘கொள்கலன்’ என்று கருதுகிறது. அதன் பெயர் சாய்வெழுத்தில் வரும்:

வான் கோ, வின்சென்ட். *நட்சத்திர இரவு*. 1889. *நவீனக் கலை அருங்காட்சியகம்*, [முகவரி].

வேறு தளத்தில் பார்த்திருந்தால் அசல் இருக்கும் இடத்தைச் சொல்லி, பிறகு கொள்கலனை வையுங்கள்:

வான் கோ, வின்சென்ட். *நட்சத்திர இரவு*. 1889. நவீனக் கலை அருங்காட்சியகம், நியூயார்க். *கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர்*, [முகவரி].

அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. நடையில் (7ஆம் பதிப்பு) ஆண்டு முன்னால் வரும். படைப்பின் வகை சதுர அடைப்புக்குள் வரும். நாட்டின் பெயரும் வேண்டும்:

வான் கோ, வி. (1889). *நட்சத்திர இரவு* [ஓவியம்]. நவீனக் கலை அருங்காட்சியகம், நியூயார்க், அமெரிக்கா. [முகவரி]

கட்டுரைக்குள் (வான் கோ, 1889) என்றால் போதும். முகவரிக்குப் பின் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள்.

ஹார்வர்டு நடை கேட்கும் துறைகளும் உண்டு. அதற்கு ஒரே அதிகாரபூர்வக் கையேடு இல்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வடிவத்தை வைத்திருக்கிறது. உங்கள் நிறுவனம் தரும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அதன்படியே போவதுதான் ஒரே வழி.

## படி 5: சட்டத்துக்குள் அடங்காத படைப்புகள்

வான் கோவை எழுதுவது எளிது. ஓவியர் ஒருவர், ஓவியம் ஒன்று, ஆண்டு தெளிவு. உண்மையான தொல்லை இனிமேல்தான்.

அச்சுப் படைப்புகள். ஹொக்குசாயின் ‘கனகவாவின் பேரலை’ மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டது. சுமார் 1830க்கும் 1832க்கும் இடையில் தோன்றியது. ‘அசல்’ என்று ஒன்றே ஒன்று இல்லை. மெட்ரோபாலிட்டன், பிரிட்டிஷ் மியூசியம், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்று பல இடங்களில் அச்சுகள் இருக்கின்றன. ஒரே அருங்காட்சியகத்திலேயே ஒன்றுக்கு மேல் இருப்பதும் உண்டு. மரக்கட்டை தேயத் தேய கோடுகள் உடையும். வானத்தின் நிறம் ஓர் அச்சில் ஆழமாகவும் இன்னொன்றில் வெளிறியும் இருக்கும். ‘பேரலையின் வானம்’ என்று பொதுவாக எழுதவே முடியாது. எந்த அச்சின் வானம் என்று சொல்ல வேண்டும். இங்கே பதிவெண் இல்லாத அடிக்குறிப்பு பயனற்றது.

கலைஞர் பெயர் தெரியாதவை. ‘தெரியவில்லை’ என்று தொடங்காமல் தலைப்பையே முன்னால் வையுங்கள். அகரவரிசையிலும் தலைப்பின் முதல் எழுத்தே கணக்கு:

*தோட்டத்தில் ஓய்வெடுக்கும் ஒற்றைக்கொம்பன்*. 1495–1505. திரைச்சீலை. மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், நியூயார்க். 37.80.6. [முகவரி].

ஐயத்துக்குரிய கைகள். பெர்லினில் உள்ள ‘பொன் தலைக்கவசம் அணிந்த மனிதன்’ நெடுங்காலம் ரெம்பிராண்டின் பெருமைகளில் ஒன்றாக இருந்தது. 1980களில் நடந்த ஆய்வுக்குப் பிறகு அது அவர் வரைந்ததல்ல, அவர் வட்டத்தைச் சேர்ந்த யாரோ வரைந்தது என்று அருங்காட்சியகம் மாற்றிக்கொண்டது. இணையத்தின் பாதிக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ரெம்பிராண்ட் என்றே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அருங்காட்சியகப் பக்கம் ‘ரெம்பிராண்ட் வட்டம்’, ‘இன்னாரின் பட்டறை’, ‘இன்னாருக்கு உரியதாகக் கருதப்படுவது’, ‘இன்னாரைப் பின்பற்றியவர்’, ‘இன்னாரின் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது’ என்று எதைச் சொன்னாலும் அதை அப்படியே எடுத்தெழுதுங்கள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருள் கொண்ட சொற்கள். நீங்களாக ஒன்றை இன்னொன்றாக மாற்றக் கூடாது. ‘சுமார்’, ‘முன்’, ‘பின்’ என்று ஆண்டோடு ஒட்டி வருபவையும் அப்படியே.

காணாமல் போன அசல். மார்செல் துஷாமின் ‘நீரூற்று’ 1917இல் செய்யப்பட்டது. அது தொலைந்துவிட்டது. ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த ஒளிப்படம்தான் அதற்கு மிஞ்சிய சாட்சி. இன்று அருங்காட்சியகங்களில் நிற்பவை பின்னாளில் துஷாமின் ஒப்புதலோடு செய்த மறுபடிகள் (நகல்கள்). லண்டன் டேட்டில் இருப்பது 1964இல் செய்தது. டேட் பக்கத்தில் அதைப் பார்த்தவர் இரண்டு ஆண்டையும் எழுத வேண்டும்:

3. மார்செல் துஷாம், *நீரூற்று*, 1917, 1964இல் செய்த மறுபடி, டேட், லண்டன், [முகவரி].

ஸ்டீக்லிட்ஸ் படத்தைப் பார்த்து எழுதினால் அது வேறு அடிக்குறிப்பு. அங்கே ஒளிப்படக்காரரே ஆசிரியர் இடத்துக்கு வருகிறார். துஷாமின் படைப்பு அவருடைய படத்தின் பொருள் ஆகிறது.

இதே நியாயம் சிற்பங்கள், கட்டடங்கள், நிகழ்த்துகலைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். தட்டையான ஓவியத்தை நேர் எதிரே நின்று படம் எடுக்கும்போது ஒளிப்படக்காரர் முடிவுசெய்ய வேண்டியது குறைவு. சிற்பத்தில் எந்தப் பக்கம், எந்த ஒளி, எவ்வளவு அண்மை என்று எல்லாமே அவர் கையில் இருக்கிறது. ஆகவே முப்பரிமாணப் படைப்புகளில் ஒளிப்படக்காரரின் பெயர் தெரிந்தால் விடவே விடாதீர்கள். அடிக்குறிப்பின் கடைசியில் ‘ஒளிப்படம்: இன்னார்’ என்று சேருங்கள்.

ஒரு பகுதி மட்டும். ஓவியத்தின் மூலை ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் தலைப்புக்குப் பின் ‘பகுதி’ என்று சேருங்கள். சில அருங்காட்சியகங்கள் ஐ.ஐ.ஐ.எஃப். என்ற பொதுத் தரத்தில் படங்களை வழங்குகின்றன. அந்த முறையில், படத்தின் எந்தச் செவ்வகம் வேண்டும் என்பதையே முகவரியில் எழுத முடியும். படிப்பவர் சொடுக்கினால் நீங்கள் பார்த்த அதே மூலை திறக்கும்.

பழைய நூல்களின் ஸ்கேன். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இடத்தில் கிடைத்த கண்காட்சி நூலில் உள்ள படம் என்றால், ஓவியத்தின் விவரத்தைச் சொல்லி, அந்த நூலை நூலாகவே சான்று காட்டி, படத் தகட்டு எண்ணைத் தாருங்கள். அது இணையப் படம் அல்ல, அச்சுப் படத்தின் ஸ்கேன்.

கணினியிலேயே பிறந்தவை. கலைஞரின் சொந்தத் தளத்திலோ இன்ஸ்டாகிராமிலோ வெளியான படைப்புக்கு அருங்காட்சியகமும் ஊரும் இல்லை. தளமே அதன் இருப்பிடம். கலைஞரின் பெயரோடு அவருடைய கணக்குப் பெயரையும் சேர்த்து, வெளியிட்ட நாளை முழுமையாக எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்துக்குக் கருவியை ஆசிரியராகப் போட வேண்டாம் என்பது எம்.எல்.ஏ.வின் வழிகாட்டல். படத்தை உருவாக்கத் தந்த கட்டளையை விவரித்து, கருவியின் பெயர், பதிப்பு, நிறுவனம், உருவாக்கிய நாள் என்று தர வேண்டும்.

## படி 6: இணைப்பு சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, முதலில் சுட்டிய தகவலுக்கு இட்டுச்செல்வதில்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நீதிமன்றத்துக்கே அந்த நிலை என்றால் ஆய்வேட்டுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே நகலெடுக்காதீர்கள். தேடல் சொற்கள், கேள்விக்குறிகள், நீண்ட எழுத்துச் சரங்கள் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் ‘நிலையான இணைப்பு’ என்ற பொருளில் ஏதாவது தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லூவ்ரு ‘ஆர்க்’ என்ற அடையாள முறையைப் பயன்படுத்துகிறது, ரெய்க்ஸ்மியூசியமும் நிலையான முகவரிகளைத் தருகிறது. தளத்தின் அமைப்பு மாறினாலும் இவை புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும். ஜேஸ்டோரும் நிலையான இணைப்பு தருகிறது. டி.ஓ.ஐ. (எண்ம வெளியீட்டுக்குத் தரப்படும் நிலையான அடையாளம்) இருந்தால் கேள்வியே இல்லை, அதையே தாருங்கள்.

நிலையான இணைப்பு எதுவும் இல்லாத தளமா? இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தை அன்றே சேமித்து, சேமித்த பிரதியின் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். சேமித்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெரிதாக்கிப் பார்க்கும் வசதியுள்ள பக்கங்களில் சில நேரம் எழுத்து மட்டும் பதிவாகிப் படம் விடுபட்டுப்போகும். அப்படியானால் உங்கள் கணினியில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கோப்பின் பெயரில் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்த நாளைப் பற்றி மூன்று நடைகளும் தாராளமாகவே இருக்கின்றன. சிகாகோ, பக்கத்தில் வேறு தேதி இல்லாதபோது கேட்கிறது. எம்.எல்.ஏ. விருப்பத்துக்கு விடுகிறது. ஏ.பி.ஏ., மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் கேட்கிறது. அருங்காட்சியகப் பக்கங்களும் சத்தமில்லாமல் மாறுகின்றன என்பதால் உங்கள் குறிப்பேட்டில் எப்போதும் எழுதிவையுங்கள். அடிக்குறிப்பில் சேர்ப்பதா என்பதைத் துறையின் வழக்கம் முடிவுசெய்யட்டும்.

## படி 7: படத்தையே கட்டுரையில் வைக்கிறீர்களா?

அப்படியானால் இன்னொரு வேலை சேர்கிறது. படத்தின் அடியில் ‘படம் 1’ என்று எண்ணிட்டு, கலைஞர், தலைப்பு, ஆண்டு, அருங்காட்சியகம், படத்தின் உரிமை வரி எல்லாவற்றையும் விளக்கவரியாகத் தர வேண்டும். கட்டுரைக்குள் அந்தப் படத்தை ‘(படம் 1)’ என்று சுட்டாமல் விடக் கூடாது. உரிமை வரியை அருங்காட்சியகம் எப்படி எழுதச் சொல்கிறதோ அப்படியே எழுதுங்கள். சுருக்கவோ மொழிபெயர்த்து மாற்றவோ வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படம் என்றால் தலைப்பு, உருவாக்கியவர், மூலம், உரிமத்தின் பெயர் ஆகிய நான்கும் வர வேண்டும்.

மேற்கோள் வேறு, அனுமதி வேறு. எவ்வளவு ஒழுங்காக அடிக்குறிப்பு எழுதினாலும் அது உரிமையாளரின் அனுமதிக்கு ஈடாகாது. பிக்காசோ 1973இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும் ஐரோப்பிய நாடுகளில் அவருடைய ஓவியங்கள் 2043 முடிய உரிமைக்கு உட்பட்டவை. வெர்மீரின் ஓவியத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதை எடுத்த ஒளிப்படத்துக்கு உரிமை உண்டா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 1999இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், பொதுவுடைமையில் உள்ள தட்டையான ஓவியத்தை உள்ளபடியே எடுத்த படத்துக்குத் தனிப் பதிப்புரிமை இல்லை என்றது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019 ஆணையின் 14ஆம் பிரிவில் காட்சிக் கலைப் படைப்புகளுக்கு அதே திசையில் சென்றது. எல்லா நாட்டிலும் இதே சட்டம் இல்லை. ஆய்வேடு நூலாகவோ இதழிலோ வெளிவரும் கட்டத்தில் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் உள்ள உரிமக் குறிப்பைத் திரும்பப் படித்து, தேவைப்படும் இடத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம். அச்சுக்கு முந்தைய நாள் தொடங்கும் வேலை இல்லை இது.

## மென்பொருளை நம்பும் முன்

மேற்கோள்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளான ஜொட்டேரோவில் ‘கலைப்படைப்பு’ என்றே தனி வகை இருக்கிறது. ஊடகம், அளவு இரண்டுக்கும் தனித் தனிக் கட்டங்கள் உண்டு. உலாவியின் பொத்தானை அழுத்திச் சேமிக்கும்போது பல அருங்காட்சியகப் பக்கங்கள் வெறும் ‘வலைப்பக்கம்’ என்றே பதிவாகும். ஓவியரின் பெயர் தலைப்புக்குள் ஒட்டிக்கொள்ளும், ஆண்டு காணாமல் போகும். வகையைக் கையால் மாற்றி, கட்டங்களை நிரப்புங்கள். பதிவெண்ணை ‘அழைப்பு எண்’ கட்டத்தில் வைக்கலாம். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு கலைப்படைப்பின் அடிக்குறிப்பையும் எடுத்து, இணைப்பைச் சொடுக்கி, திறக்கும் படத்தைக் கட்டுரையில் எழுதியிருக்கும் வாக்கியத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாக்கியம் சொல்வது படத்தில் தெரியவில்லை என்றால், அடிக்குறிப்பைத் தொடாதீர்கள், வாக்கியத்தைத் திருத்துங்கள்.